சோற்றைக் குறைப்பது ஏழாவது படி: பசி அடங்கும் தட்டை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன் சார். நாலு நாள் நல்லாத்தான் போச்சு. அஞ்சாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல பஜ்ஜிக் கடை. எத்தனை தின்னேன்னு கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்."

எங்கள் காலனியில் காலையில் நடக்கிற கூட்டத்தில் இந்தக் கதையை வருஷத்துக்கு நாலைந்து பேராவது சொல்கிறார்கள். எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முதல் நாளே சோற்றில் கை வைப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன், இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை வரிசையை மாற்றினேன். புரதத்தைக் கூட்டினேன், பிறகு மாவுச்சத்தின் வடிவத்தை மாற்றினேன், கடைசியில்தான் அளவைக் குறைத்தேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அதன் விலை மாலை நான்கு மணிக்குத் தெரிந்துவிடும்.

## 0. தொடங்கும் முன்

யாருக்கு இது பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் படி 7-க்குப் போகும் முன் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். சோறு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்கள் மத்தி, நெத்திலி, ஈரல் பக்கம் போகாமல் முட்டை, தயிர் என்று போகலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் படி 7 வேண்டவே வேண்டாம்.

தேவையான பொருட்கள்: கிராம் காட்டும் ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, எப்போதும் ஒரே டம்ளர், ஒரே கரண்டி. தராசு இல்லாமல் செய்யலாமா என்று கேட்பார்கள். கண் அளவு முதல் மாதம் பொய் சொல்லும், அதற்குப் பிறகு பழகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் சமைப்பவர் நீங்கள் இல்லையென்றால், சமைப்பவரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். "எனக்கு மட்டும் தனியா" என்று போய் நிற்பவர் பத்து நாள் தாங்கமாட்டார். கீழே உள்ள மாற்றங்கள் பெரும்பாலும் மொத்த வீட்டுக்கும் ஒரே பானையில் செய்யக்கூடியவை.

## 1. மூன்று நாள், எதையும் மாற்றாமல் அளந்து எழுதுங்கள்

இரண்டு வார நாள், ஒரு ஞாயிறு. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, அளவை எழுதுங்கள். பக்கத்தில் பசித்த நேரத்தையும் எழுதுங்கள். கலோரியைவிட அந்த நேரம்தான் பின்னால் அதிகம் உதவும்.

அரிசி, பருப்பு எல்லாவற்றையும் வேகவைக்கும் முன் எடை போடுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் 280 முதல் 300 கிராம் சோறாகிறது. கூடியதெல்லாம் தண்ணீர். "அரிசி 100 கிராமில் 350 கலோரி" என்று எங்கோ படித்துவிட்டு, தட்டில் இருக்கும் 300 கிராம் சோற்றுக்கு ஆயிரம் கலோரி என்று கணக்குப் போட்டுப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது சுமார் 350 தான்.

இதே குழப்பம் புரதத்தில் எதிர்த்திசையில் வரும். 50 கிராம் முட்டையில் புரதம் 50 கிராம் கிடையாது, 6 கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் தயிரில் 3 கிராம்தான்.

என் கண்ணைத் திறந்தது சாம்பார். நாங்கள் நான்கு பேர். "தினமும் பருப்பு சாப்பிடுகிறோம், புரதத்துக்கு என்ன குறை" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குக்கரில் போடும் துவரம்பருப்பைத் தராசில் வைத்தோம். 75 கிராம். துவரம்பருப்பில் புரதம் நூற்றுக்கு 22 கிராம் அளவு, ஆக மொத்தப் பானையிலும் பதினாறரை கிராம். அந்தச் சாம்பார் மதியம் நான்கு பேருக்கும் இரவு தோசைக்கும் வந்தது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 2 கிராம். மிச்சமெல்லாம் புளித்தண்ணீர், முருங்கைக்காய், மணம்.

## 2. இலக்கை ஒரு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ என்றால் 54 கிராம். இது பற்றாக்குறை வராமல் இருக்கச் சொன்ன எண். பசியை அடக்குவது அதன் நோக்கம் இல்லை.

எடை குறைக்கிற காலத்தில் நான் வைத்துக்கொள்ளும் எண் கிலோவுக்கு 1.2 கிராம். அதே 65 கிலோவுக்கு 78. உடல் பருமன் அதிகமாக இருந்தால் இப்போதைய எடையை எடுக்காதீர்கள். சென்டிமீட்டரில் உயரத்தை எழுதி அதில் 100-ஐக் கழியுங்கள், அந்த எடைக்குக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் 110 கிலோக்காரர் 130 கிராம் புரதத்துக்கு அலைந்து, ஒரு வாரத்தில் அலுத்து விட்டுவிடுவார்.

அந்த எண்ணை மூன்று வேளைக்கும் பிரியுங்கள். வேளைக்கு 20 முதல் 25, மாலையில் ஒரு 6 அல்லது 7. மொத்தத்தையும் இரவு கோழிக்கறியில் தீர்த்துவிட்டால், காலை பதினோரு மணிப் பசிக்கு அது உதவாது. வயிறு வேளைக்கு வேளைதான் கணக்குப் பார்க்கிறது.

ஒரு வழக்கமான சைவத் தட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலையில் 4 இட்லி, சாம்பார், சட்னி: 9 அல்லது 10 கிராம். மதியம் 120 கிராம் அரிசியின் சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர்: 16, 17. இரண்டு டீ, மிக்சர்: 6. இரவு 3 தோசை: 10, 11. ஆகக் கூடி நாற்பதைச் சற்றுத் தாண்டும். பசிக்கான இலக்கு இருக்கட்டும், குறைந்தபட்ச 54-க்கே வரவில்லை.

## 3. காலை உணவில் தொடங்குங்கள், இரண்டு வாரம் அது மட்டும்

காலையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அந்த வேளைதான் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. விருந்து, ஆபீஸ் கேன்டீன், உறவினர் வீடு எல்லாம் மதியத்துக்குப் பிறகு வருபவை.

4 இட்லியில் 210 கலோரியும் ஆறரை கிராம் புரதமும் உண்டு. அரிசிக்கும் உளுந்துக்கும் 4:1 என்பதை 3:1 ஆக்கினால் மாறிவிடாதா என்று கேட்பார்கள். மாறும், ஆனால் உலர் எடை 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான் கூடும். இட்லியை வளைப்பதைவிட பக்கத்தில் ஒன்றை வைப்பது எளிது. 3 இட்லி, 2 அவித்த முட்டை, கெட்டிச் சாம்பார் என்றால் இருபதைத் தாண்டிவிடும்.

முட்டை சாப்பிடாத வீட்டுக்கு அடையை மிஞ்சியது இல்லை. ஒரு டம்ளர் இட்லி அரிசிக்கு இரண்டு டம்ளர் பருப்பு: துவரை, கடலை, பாசி, கொஞ்சம் உளுந்து. மிளகாய், சோம்பு, உப்போடு கரகரப்பாக அரையுங்கள். நைஸாக அரைத்தால் தோசைபோல வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கரகரப்பாக இருந்தால் மெல்ல வேண்டியிருக்கும், வேகம் குறையும். இந்த மாவில் உலர் எடை 100 கிராமுக்குச் சுமார் 17 கிராம் புரதம். பெரிய அடை இரண்டு, ஒரு கிண்ணம் தயிர், காலை முடிந்தது. எண்ணெயை மட்டும் ஸ்பூனால் விடுங்கள். 5 கிராம் எண்ணெய்க்கு 45 கலோரி. புட்டியிலிருந்து சாய்த்தால் அடைக்கு மூன்று ஸ்பூன் போய்விடும். முளைகட்டிய பாசிப்பயறு தோசையும் இதே வேலையைச் செய்யும்.

புரதம் ஏன் முதலில்? புரதம் குடலுக்குள் போனதும் பசியைத் தணிக்கும் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன, பசியைத் தூண்டும் கிரெலின் தாழ்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-இல் வெளியான ஒரு சோதனையை நான் அடிக்கடி சொல்வேன். 19 பேருக்கு உணவில் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினார்கள், கொழுப்பை 35-இலிருந்து 20-க்கு இறக்கினார்கள். மாவுச்சத்தைத் தொடவில்லை, 50 சதவீதமாகவே வைத்தார்கள். "பசிக்கிற அளவு சாப்பிடுங்கள்" என்று விட்டபோது, அவர்களாகவே நாளொன்றுக்கு 441 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் சராசரி 4.9 கிலோ இறங்கியது. சமைத்துக் கொடுத்த உணவு அது. நம் வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மாவுச்சத்தின் பங்கு மாறாமலேயே பசி இறங்கியது என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: பழைய 4 இட்லியை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு டம்ளர் புரோட்டீன் பவுடர் பால். கூட்டலே நடக்கிறது, மாற்றல் நடக்கவில்லை. குடிப்பது மென்று தின்பதைப்போல வயிற்றை நிறுத்தாது. பவுடர் தேவைப்படுபவர்கள் உண்டு, ஆனால் பல் இருக்கும் வரை அது இரண்டாம் தேர்வு.

## 4. மதியமும் இரவும்: புரதத்தைக் கலோரி விலையில் பாருங்கள்

"இதில் புரதம் இருக்கிறதா" என்ற கேள்வி உதவாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கிறது. 100 கலோரி கொடுத்தால் எத்தனை கிராம் கிடைக்கும் என்று கேளுங்கள். காய்கறி வாங்குவதுபோலத்தான், ரூபாய்க்கு எவ்வளவு.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் கொழுப்பில்லாத மீனும் 100 கலோரிக்கு 18, 20 கிராம் தரும். மீல்மேக்கர் 15. முழு முட்டை 9. பனீர் 7. துவரம்பருப்பு ஆறரை, பொட்டுக்கடலை 6. தயிர் 5. நிலக்கடலை நாலரை. முந்திரி 3. அரிசி இரண்டுக்குச் சற்று மேல். கேழ்வரகும் ஏறத்தாழ அரிசி அளவுதான், கம்பு 3.

இதைப் பார்த்ததும் நிலக்கடலை எங்கே விழுகிறது என்று தெரியும். "புரதத்துக்காக" ஒரு கை கடலை என்று தொடங்கி, டிவி முன்னால் 100 கிராம் போனால் 25 கிராம் புரதம் வரும், கூடவே 550 கலோரிக்கு மேல் வரும். கடலை நல்ல தின்பண்டம். புரத மருந்தாக அதை எண்ணுவதுதான் தப்பு. பாதாம் பிஸ்கட், "புரோட்டீன்" என்று அட்டையில் போட்ட பார்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம், அட்டையைத் திருப்பி இந்தக் கணக்கைப் போட்டால் போதும்.

சைவத் தட்டில் செய்ய வேண்டியது மூன்று. சாம்பாருக்கு ஆளுக்கு 30 கிராம் பருப்பு என்று அளந்து போடுங்கள், ஆறரை கிராம் கிடைக்கும். வாரம் மூன்று நாள் சாம்பாருக்குப் பதில் கூட்டு வைத்தால் இன்னும் நல்லது, தண்ணீருக்குள் ஒளிய இடமிருக்காது. இரண்டாவது, பொரியலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயறோ மீல்மேக்கரோ கலந்துவிடுங்கள். உலர் எடை 25 கிராம் மீல்மேக்கர் 13 கிராம் தரும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால்தான் அந்த வாடை போகும். பிழியாமல் போட்டுவிட்டு "ரப்பர் மாதிரி இருக்கு" என்று தூக்கி எறிந்தவர்கள் நிறைய. மூன்றாவது, மோரைத் தயிராக்குங்கள். ஒரு டம்ளர் நீர்மோரில் புரதம் பேருக்குத்தான்.

அசைவ வீட்டில் சிக்கல் வேறு. ஞாயிறு கால் கிலோ கறி, திங்கள் முதல் சனி வரை ரசம். வாரத்தில் நான்கு நாள் முட்டை அல்லது சிறு மீன் என்று பரப்புங்கள். மத்தி விலை குறைவு, 100 கிராமில் 18 கிராமுக்குக் குறையாது. குழம்பில் போடுங்கள், பொரித்தால் எண்ணெய்க் கணக்கும் சேரும்.

மாலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல். 6 கிராம் புரதம், 100 கலோரிக்குச் சற்று மேல், மென்று முடிக்கப் பத்து நிமிடம். முதல் நாள் இரவே ஊறப்போட மறந்தால் இது நடக்காது, ஆகவே ஞாயிறன்று மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறோம்.

## 5. மாவுச்சத்தின் வடிவத்தை மாற்றுங்கள், அளவை இன்னும் தொடாதீர்கள்

இங்கே நிறைய மூடநம்பிக்கை உலவுகிறது, சற்று நின்று பார்ப்போம்.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எப்படி இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண். அவித்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடம். மீன் 225, ஓட்ஸ் கஞ்சி 209, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197, முட்டை 150. வெண்ணெய் அடுக்கிய குரோசான் 47, கடைசி.

சோறு? வெள்ளை அரிசி 138, பழுப்பு அரிசி 132. நிலக்கடலை 84. கைக்குத்தல் அரிசிக்கு மாறினாலே பசி அடங்கிவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இது அடிதான். பழுப்பு அரிசியில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல், அதற்காகச் சாப்பிடலாம். வயிறு நிறைவதில் அந்தச் சோதனையில் அது வெள்ளை அரிசியை முந்தவில்லை. மொத்தமாகப் பார்த்தபோது, ஒரே கலோரிக்கு எடை அதிகமான உணவு, தண்ணீர், நார், புரதம் கூடிய உணவு நன்றாக நிறைத்தது. கொழுப்பு கூடியது நிறைக்கவில்லை. உருளைக்கிழங்கைப் பழிப்பவர்கள் அவித்ததையும் வறுத்ததையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள்.

அரிசி ரகத்தை மாற்றுவதும் அப்படியே. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் அளந்தபோது கிளைசெமிக் குறியீடு (சாப்பிட்டபின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதன் அளவு) பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72, சுர்தி கோலத்துக்கு 77. எழுபதும் அதற்கு மேலும் உயர் வகை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மூட்டை மூட்டையாகச் செலவழிக்க வேண்டாம்.

சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்மையிலேயே கூடுதல். கேழ்வரகில் நூற்றுக்கு 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராமுக்குள். ஆனால் எந்த வடிவில் என்பதுதான் கேள்வி. முழுத் தானியமாக வெந்த வரகும் சாமையும் மெல்ல வேண்டியவை. அதையே மாவாக்கி, சலித்து, வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் பாதிப் பலன் மில்லிலேயே போய்விட்டது. களி கஞ்சியைவிட நல்லது.

பழைய சோறு பற்றியும் கேட்பார்கள். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுவது உண்மை. 2015-இல் வந்த ஓர் இந்தோனேசிய ஆய்வில், புதுச் சோற்றில் நூற்றுக்கு 0.64 கிராம் இருந்தது. அறையில் 10 மணி நேரம் ஆறியதில் 1.30, குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65. ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம். எடை குறையும் அளவுக்கு அது ஒன்றும் இல்லை. பழைய சோறு பசி தாங்குகிறது என்றால் அதிலுள்ள தண்ணீருக்கும் கூட வைத்த வெங்காயத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இந்தப் படியில் செய்ய வேண்டியதைச் சுருக்கிச் சொன்னால்: குடிக்கும் சர்க்கரையை நிறுத்துங்கள், மைதாவையும் எண்ணெயில் பொரித்த மாவையும் வாரம் ஒரு முறைக்கு இறக்குங்கள், சோற்றோடு அதே எடைக்குக் காய் வையுங்கள். குளிர்பானத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2000-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தினர், நாளுக்கு 450 கலோரியை ஒரு மாதம் ஜெல்லி மிட்டாயாகவும் ஒரு மாதம் சோடாவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் தின்ற மாதம் மற்ற உணவைத் தாமாகவே குறைத்தார்கள். சோடா குடித்த மாதம் குறைக்கவில்லை. நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்பவருக்கு இந்தப் படி ஒன்றே ஒரு பெரிய மாற்றம்.

## 6. வரிசையையும் வேகத்தையும் மாற்றுங்கள்

நம் பழக்கத்தில் இலையில் சோறு விழுந்ததும் சாம்பார், பிசைந்து முதல் வாய். காய் தொட்டுக்கொள்ள மட்டும். இதைத் திருப்புங்கள். பொரியல், சுண்டல், முட்டை எதுவோ அதை முதல் ஐந்து நிமிடம் தனியாகச் சாப்பிடுங்கள். பிறகு சோறு.

நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள், 2015-இல் வெளியானது. காயும் கோழியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் 15 நிமிடம் கழித்து என்றபோது, இரத்தச் சர்க்கரை அரை மணியில் 29 சதவீதம், ஒரு மணியில் 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு, சர்க்கரையைத்தான் அளந்தது. ஆனால் தட்டில் எனக்குத் தெரிந்தது வேறு: காயும் பயறும் உள்ளே போனபின் இரண்டாம் முறை சோறு கேட்கும் கை தயங்குகிறது.

வேகமும் சேர்ந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 20 பேர் இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் சாப்பிட்டார்கள். பரிமாறிய சத்து அளவுகள் ஒன்றே. பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாட்களில் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக உள்ளே போனது, சாப்பிட்ட வேகமும் கூடுதல்.

## 7. இப்போதுதான் சோறு

நான்கைந்து வாரம் ஆகியிருக்கும். நோட்டைத் திறந்து பசித்த நேரங்களைப் பாருங்கள். மாலை நான்கு மணி நச்சரிப்பு மறைந்திருந்தால் தொடங்கலாம். மறையாவிட்டால் படி 4-க்குத் திரும்புங்கள்.

வாரத்துக்கு ஒரு கரண்டி, மதியமோ இரவோ ஒரு வேளையில் மட்டும். சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று சாப்பிடுபவர்கள் நடுச்சுற்றை எடுத்துவிட்டு ரசத்தை டம்ளரில் குடியுங்கள். நான் பார்த்தவரை எல்லோருக்கும் எளிதாக நடந்தது இதுதான். சாம்பாரையும் தயிரையும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கே நிறுத்துவது? பசி மீண்டும் தலைகாட்டும் இடத்துக்கு ஒரு கரண்டி முன்னால். சோற்றை அடியோடு விட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் முதலில் போவது அதுதான். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் திரும்பியும் வந்துவிடும்.

## 8. "எரிப்பது" பற்றி, கணக்கோடு

இதைக் கடைசியில் வைக்கக் காரணம், இதை நம்பித் தொடங்குபவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

உணவைச் செரித்துச் சேமிக்கவே உடல் செலவழிக்க வேண்டும். புரதத்தில் வந்த கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அப்படியே போய்விடும். மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் 0 முதல் 3. இதை வைத்து "புரதம் சாப்பிட்டால் தானாக எரியும்" என்று வீடியோ போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 30 கிராம் மாவுச்சத்தை எடுத்துவிட்டு 30 கிராம் புரதம் வைக்கிறீர்கள். இரண்டும் 120 கலோரி. புரதத்துக்குச் செரிமானச் செலவு 30 என்று வைத்தால் மாவுச்சத்துக்கு 10. லாபம் 20 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை. படி 3-இல் சொன்ன 441 கலோரியோடு ஒப்பிட்டால் எது பெரிது என்று தெரியும். செலவில் கிடைப்பது சில்லறை. பசி குறைவதில்தான் பணம் இருக்கிறது.

பதப்படுத்திய உணவுக்குச் செரிமானச் செலவும் குறைவு. 2010-இல் வந்த ஒரு சிறு சோதனையில், தானியங்கள் கலந்த ரொட்டியும் உண்மையான சீஸும் சாப்பிட்டவர்களுக்கு உணவின் கலோரியில் 20 சதவீதம் செரிமானத்தில் போனது. அதே கலோரிக்கு வெள்ளை ரொட்டியும் பதப்படுத்திய சீஸும் சாப்பிட்டபோது 11 சதவீதத்துக்குள் நின்றுவிட்டது.

தசை சேர்ந்தால் உட்கார்ந்தபடியே எரியும் என்பதும் மிகைதான். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரி எரிக்கிறது. அதனால் தசை வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுப்பவை போதிய புரதமும் எடை தூக்கும் பயிற்சியும். வாரம் மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, இவ்வளவு போதும் தொடங்க.

கவனிக்க வேண்டிய செலவு நடைதான். சோற்றைத் திடீரென்று வெட்டியவர்கள் சோர்ந்து, லிஃப்டைத் தேடி, மாலை நடையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். புரதத்தில் கிடைத்த 20 கலோரியும் அதில் போய், மேலும் போய்விடும். நோட்டில் நடந்த தூரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

## 9. எடை நின்றுவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை

முதலில் எண்ணெய். மாதம் வீட்டுக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். யாரும் செய்வதில்லை, ஆனால் பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து மலச்சிக்கல். புரதம் கூடி, காயும் தண்ணீரும் கூடாமல் இருந்தால் இரண்டாம் வாரமே வரும். முட்டையைப் பழிக்காமல் கீரையையும் கொய்யாவையும் கூட்டுங்கள்.

பிறகு சனி, ஞாயிறு. ஐந்து நாள் அளந்து இரண்டு நாள் அளக்காதவர்கள், அந்த இரண்டு நாளையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் நின்றால் மூன்று நாள் அளவு எடுப்பதை முதலிலிருந்து செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஆறாம் மாதம் அப்படி அளந்தபோது சாம்பார்ப் பருப்பு 120 கிராமிலிருந்து மறுபடி 80-க்கு இறங்கியிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பருப்பு விலை ஏறிய மாதம் அது.

பஜ்ஜிக் கதை சொன்னவர் இப்போது காலையில் 3 இட்லியும் 2 முட்டையும் சாப்பிடுகிறார். அந்தக் கடைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போகிறார். இரண்டு பஜ்ஜி, எண்ணித்தான்.